மொத வெடிக்கு வச்சிருந்த கொழுப்பு

கால இப்பிடி நீட்டிக்கறேன், கோவிச்சுக்காதீங்க சார். பஸ்சு சீட்டுல மடக்குனா ஒரு மாதிரியா இருக்குது. வலியெல்லாம் ஒண்ணுமில்ல, மடக்கப் புடிக்கல, அவ்வளவுதான். நாத்தம் அடிக்குதுங்களா? மூக்கத் திருப்பறீங்களே, அதான் கேட்டேன். என் பையில ஒரு டப்பா இருக்குது. பன்னிக் கொழுப்பு. அதுல சூடம் கலந்திருக்குது, மஞ்சள் கலந்திருக்குது, உப்பு, வெளக்கெண்ணெய், இன்னும் என்ன கருமாந்தரம் கலந்திருக்குதோ அந்த மகராசிக்குத்தான் வெளிச்சம். எதுக்குடா இதத் தூக்கிட்டுப் போறேன்னு கேளுங்க. கேக்கலீன்னாலும் சொல்லத்தான் போறேன். நான் எறங்கற மூணுரோடு வரைக்கும் வாய மூடிட்டு வந்தன்னா எனக்கு வவுறு வெடிச்சுரும்.

எம் பேரு பொன்னுரங்கன். மேல கருவேப்பாறை. நீங்க ஏறுன எடத்துலேருந்து இன்னும் மேல போவணும். எங்க ஊர்க் கோயில் திருவிழா பங்குனி நோம்பு, அதுக்கு வேட்டை ஓட்டறது வழக்கம். முன்ன மாதிரி காட்டுக்குள்ள போறதில்ல, பாரஸ்டுக்காரங்க விடறதில்ல. மரவள்ளிக் காட்டப் பொரட்டிப் போடற பன்னிய ஊர் எல்லையில வச்சுச் சுடறதோட சரி. அதுல மொத வெடி எங்க வகையறாவுக்கு. நான் வெடிக்காம ஊர்ல ஒருத்தன் துப்பாக்கியத் தூக்கப்படாது. கறியில தலை எங்க வீட்டுக்கு. மேளக்காரங்க எங்க வாசல்ல நின்னு அடிச்சுட்டுத்தான் கோயிலுக்குப் போவணும். எங்கப்பன் வெடிச்சான், அவங்கப்பன் வெடிச்சான். இப்ப அது எங்கைய விட்டுப் போகப் போவுது சார். ஒரு பொம்பளையால.

கட்டுன பொண்டாட்டியால. தீர்த்தம்மான்னு பேரு. கோவிச்சுக்கிட்டு மூணுரோட்டுல அவ அண்ணன் வீட்டுல வந்து உக்காந்திருக்கறா. வர்ற ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம். அவ வந்து, சாமி முன்னால சூடம் அணைச்சு, "வேட்டைக் கொழுப்புல என் கை படல"ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லணும். சொன்னா மொத வெடி எனக்கு. சொல்லலீன்னா என் பங்காளி குள்ளையனுக்கு. வெவகாரம் அவ்வளவுதான். நான் ஒண்ணும் அவளக் கெஞ்சிக் கூட்டியாரப் போகல. சத்தியம் பண்ண வைக்கத்தான் போறேன்.

கை பட்டுச்சா இல்லையான்னு கேக்கறீங்க. இருங்க சார், அவசரப்பட்டா எப்பிடி.

துப்பாக்கிக்கு எதுக்குக் கொழுப்புன்னு உங்களுக்குத் தோணும். நீங்க பாத்ததெல்லாம் போலீசுக்காரன் துப்பாக்கியா இருக்கும். எங்களுது லைசென்சு வாங்குன நாட்டுத் துப்பாக்கி, வாய் வழியா கெட்டிக்கறது. மொதல்ல கரிமருந்தக் கொட்டணும். அப்பறம் ஒரு துண்டுத் துணி, துணிக்குள்ள ஈயக்குண்டு, கம்பிய விட்டு இடிச்சு எறக்கணும். கரிமருந்து வெடிச்சா குழலு உள்ள வெறகடுப்பாட்டம் கரி புடிச்சுக்கும். துணியில கொழுப்புப் பூசுனாத்தான் குண்டு வழுக்கிட்டு உள்ள எறங்கும். வெடிக்கறப்பக் கரியையும் தொடச்சுட்டு வெளிய வரும். கொழுப்பு கெட்டியா இருந்தா குண்டு பாதியில நின்னுக்கும். எளகலா இருந்தா ஒழுகிப் போயி மருந்த நனைச்சுரும். ரெண்டுக்கும் நடுவால இருக்கணும். இது தெரியாதவன் துப்பாக்கியத் தொடவே கூடாதுங்கறவன் நானு.

போன வருசம் ஆட்டுக் கொழுப்புப் போட்டேன். மொத வெடி நல்லா வெடிச்சுது. ரெண்டாவது கெட்டிக்கறேன், குண்டு பாதி வழியில நின்னுக்கிச்சு. காலையில எங்க ஊர்க் குளிருக்கு ஆட்டுக் கொழுப்பு கல்லாயிரும். கம்பியப் போட்டு இடிக்கறேன், இடிக்கறேன், எறங்கல. ஊரே நின்னு பாக்குது. இந்தக் குள்ளையன், எங்க சித்தப்பன் மவன், சத்தமாச் சொல்றான், "அண்ணன் துப்பாக்கிக்கு நெஞ்சடைச்சிருச்சு, ஆசுபத்திரிக்குத் தூக்குங்கடா"ன்னு. பொம்பளைக எல்லாம் சிரிச்சாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். அடுத்த வருசத்துக்குள்ள கொழுப்புல ஒரு முடிவு கட்டறதுன்னு.

தையிலேருந்து இதே வேலதான் சார். தேங்கா எண்ண போட்டுப் பாத்தேன். காலையில ஒறைஞ்சுக்கும், மத்தியானம் தண்ணியா ஓடும். வெளக்கெண்ண சுத்தமா ஆவாது, நிக்கவே நிக்காது. தேன்மெழுகு மட்டும் போட்டா வெடவெடன்னு ஒடியுது. டிராக்டர்க்காரன்கிட்டக் கிரீசு வாங்கிப் பூசுனேன், அது கரியோட சேந்து தாராட்டம் ஒட்டிக்கிச்சு. கொதிக்கற தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவுனாலும் போவல. குள்ளையன் இலுப்பெண்ணையும் மெழுகும் கலந்து போடறான். அவனுக்கு நல்லாத்தான் எறங்குது. அதுக்காக அவன் போடறத நான் போடுவனா? இலுப்பெண்ண வெளக்குக்கு ஊத்தறது. கடைசியில ஊர்ப்பன்னிக் கொழுப்புதான்னு முடிவு பண்ணேன். அதுல கொஞ்சமா தேன்மெழுகு சேத்தா குளிருக்கும் நிக்கும், வெயிலுக்கும் நிக்கும். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, நானா யோசிச்சுக் கண்டது.

இங்கதான் ஒரு சிக்கல். மொத வெடிக்குக் கொழுப்பு காய்ச்சறவன் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஊருக்கு வெளிய கல்லக் கூட்டி, தானே காய்ச்சணும். பொம்பள கை படக்கூடாது. அது துப்பாக்கிக்குன்னு பொம்பளைகளுக்குத் தெரியவே கூடாது. அந்தக் கொழுப்புல நோம்புக்கு முன்னால ஒரு வெடி வெடிச்சும் பாக்கக் கூடாது. வழக்கம். ஆனா பன்னிக் கொழுப்பக் காய்ச்சறது லேசுப்பட்ட வேலைங்களா? துண்டு துண்டா அரியணும், சின்னத் தீயில உருக்கணும், வடிகட்டணும், அரை நாளு பொகையில உக்காந்திருக்கணும். எனக்குப் பொகை ஆவாது, கண்ணுல தண்ணியாக் கொட்டும்.

அதனால ஒரு யோசனை பண்ணேன். துப்பாக்கிக்குன்னு தெரிஞ்சு தொட்டாத்தானே தப்பு. தெரியாமத் தொட்டா? சாமிக்கு அது புரியாதா? நேரா தீர்த்தம்மாகிட்டக் கொழுப்பக் குடுத்து, "முட்டி வலி உயிரு போவுது, பன்னிக் கொழுப்பு தேய்ச்சா கேக்குமாம், காய்ச்சிக் குடு"ன்னேன். பாத்தீங்களா, வழக்கமும் கெடல, வேலையும் ஆச்சு. இதுல என்ன சார் தப்பு?

அவ காய்ச்சிக் குடுத்தா. நல்லா மஞ்சளா இருந்துச்சு. மோந்து பாத்தா சூடம் மணக்குது. அடடா, சாமியே வந்து எறங்குன மாதிரி இருக்குதேன்னு சந்தோசப்பட்டேன். முட்டி வலிக்குன்னு சொன்னன்னு அவ மஞ்சளப் போட்டிருக்கறா, உப்பப் போட்டிருக்கறா, சூடத்த நுணுக்கிப் போட்டிருக்கறா. தேய்க்கறதுக்கு மெதுவா இருக்கட்டும்னு வெளக்கெண்ணைய ஊத்தியிருக்கறா. நானா கேட்டேன்? கொழுப்பக் காய்ச்சுடின்னா கொழுப்பக் காய்ச்சணும். இவள யாரு வைத்தியம் பாக்கச் சொன்னது?

தேன்மெழுகு நான் சேக்கலீங்களான்னு கேக்கறீங்க. எடுத்துத்தான் வச்சிருந்தேன். விடியக்காத்தால எந்திரிச்சுப் பாத்தா டப்பாவுல கெட்டியா இருந்துச்சு, வெரல வச்சா பதியல. அப்பறம் எதுக்கு மெழுகுன்னு விட்டுட்டேன். அது வேற விசயம், அத விடுங்க.

இன்னொரு கூத்தக் கேளுங்க. முட்டி வலின்னு சொன்னது சொன்னேன், அவ விடுவாளா? சாயங்காலம் ஆனாப் போதும், என்ன உக்கார வச்சு, கால மடியில எடுத்து வச்சுக்கிட்டு, அந்தக் கொழுப்ப எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுருவா. சூடு பறக்கத் தேய்ப்பா. எனக்கோ திக்கு திக்குன்னு இருக்கும், கொழுப்பு தீந்துருமேன்னு. "போதும் விடு"ன்னா, "பேசாம இரு, எறங்கி வருது"ம்பா. என்ன எறங்கி வருது, ஏறுனாத்தானே எறங்கறதுக்கு? கடைசியில அவ பாக்காதப்பப் பாதியத் தோண்டி வேற டப்பாவுல ஒளிச்சு வச்சேன். என் பொழப்பப் பாருங்க.

தேய்ச்சதோட நின்னாளா? அதுவும் இல்ல. கீழ சுனையிலேருந்து தண்ணி தூக்கறது நானு. கால் செரியில்லாதவன் பள்ளத்துல எறங்கக் கூடாதுன்னு கொடத்தப் புடுங்கிக்கிட்டா. வெறகும் அவளே கொண்டாந்தா. சாமை மூட்டைய அவளே முதுகுல ஏத்திக்கிட்டா. மாசி பூரா, பங்குனியில நோம்பு வரைக்கும் இப்பிடியே. எனக்கு வாங்குப் பலகை மேல உக்காந்து உக்காந்து ஒடம்பே மரத்துப் போச்சு. நடுவுல ஒருநாளு இடுப்பப் புடிச்சுக்கிட்டு நின்னா. "நானா தூக்கச் சொன்னேன்?"னு கேட்டேன். "நீ சொல்லல, உன் முட்டி சொல்லுச்சு"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டா. அப்பிடி வாயி.

நோம்பு வந்துச்சு. காலையில துப்பாக்கியக் கெட்டிச்சு, கோயில்ல சாமி முன்னால வச்சேன். பூசை முடியறதுக்குள்ள உச்சியாயிருச்சு. பங்குனி வெயிலு தகரக் கூரையத் தீய்க்குது, பக்கத்துல சரவெளக்கு எரியுது. துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் போயி எல்லையில நின்னேன். நாயிங்க ஓட்டியாந்துச்சு. ஆண் பன்னி, கோரப்பல்லு நீட்டுனது, மரவள்ளிக்குள்ளேருந்து நேரா எம் முன்னால வந்து நிக்குது. அது மாதிரி ஒரு நெலை யாருக்கும் வாய்க்காது சார். ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்குது. குறி வச்சு இழுத்தேன்.

புஸ்.

அடுப்புல தண்ணி ஊத்துன மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பொகை. குண்டு குழல விட்டு வெளிய வந்து, ஆட்டுப் புழுக்கையாட்டம் எங்காலுக்கு முன்னாலயே விழுந்து உருளுது. அந்தப் பன்னி என்ன ஒரு பார்வ பாத்துச்சு. பயம் இல்ல, கோவம் இல்ல, அட இவனான்னு ஒரு பார்வ. திரும்பி மேட்டுல ஏறி ஓடுச்சு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். துப்பாக்கியக் கட்டையாட்டம் புடிச்சுக்கிட்டுத் தொரத்துனேன். பாறைக்குப் பாறை தாவுறேன், முள்ளு கிழிக்குது, நிக்கலயே. உச்சி மேடு வரைக்கும் ஒரே ஓட்டம். எளவட்டப் பசங்க எல்லாம் பின்னால எளைச்சுக்கிட்டு வரானுங்க. அந்த ஓட்டத்த மட்டும் நீங்க பாத்திருக்கணும்.

பொம்பளைக கோயில் பாறை மேல நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. தீர்த்தம்மாளும் நின்னா.

திரும்பி வந்தா, குள்ளையன் கீழ விழுந்த துணிய எடுத்து மூக்குல வச்சுக்கிட்டிருக்கறான். "மஞ்ச வாசன, சூட வாசன. இது ஆம்பள காய்ச்சுன கொழுப்பு இல்ல, கவுண்டரே. பொம்பள கைப்பக்குவம்"னு நீட்டறான். நாயி மோந்து பாத்தாக் கூட அவ்வளவு சொல்லாது. ஊருக்குத் தலைவரு அந்த ஊர்க்கவுண்டரும் மோந்து பாத்தாரு. "பொன்னுரங்கா, யாரு காய்ச்சுனது?"ன்னாரு. "நான்தான்"னேன். வேற என்ன சொல்றது? "மருந்து நனையறது யாருக்கும் வரும், அத மன்னிக்கலாம். பொம்பள கை பட்டுச்சுன்னா மொத வெடி ஒனக்கில்ல. உம் பொண்டாட்டி வந்து சூடம் அணைச்சுச் சொல்லட்டும்"னுட்டாரு.

நான் வீட்டுக்குப் போறேன். ஊர் முன்னால மானம் போயி வந்திருக்கறேன். கட்டுன புருசன் தலை கவுந்து வர்றப்ப ஒரு பொம்பள என்ன சொல்லணும்? போவட்டும் விடுன்னு ஒரு சொம்பு தண்ணி குடுக்கணுமா இல்லையா? அவ மூட்ட கட்டிக்கிட்டு இருக்கறா. என்ன ஏறெடுத்துப் பாத்தா. பாத்ததும் மொகத்த இல்ல, கால. "முட்டி நல்லாத்தான் இருக்குது"ன்னா. அவ்வளவுதான் சார். பையத் தூக்கிக்கிட்டுப் பஸ்சுக்குப் போயிட்டா.

எனக்கு அதுதான் ஆறல. மொத வெடி போயிருச்சு, எங்கப்பன் காலத்து மரியாத போயிருச்சு, இவளுக்கு முட்டிதான் பெருசாப் போச்சா? முட்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க. ஊரே துப்பாக்கியப் பாத்துக்கிட்டிருக்கறப்ப இவ மட்டும் எங்காலப் பாத்துக்கிட்டிருந்திருக்கறா.

ஏன் சார் சன்னலுக்குத் திரும்பிக்கிட்டீங்க? சிரிக்கறீங்களா? சிரிக்காதீங்க. கை பட்டது நெசந்தான, அப்பறம் படலைன்னு எப்பிடிச் சத்தியம் பண்ணுவாங்கறீங்க. ஒரு பொய்யி சார். ஒரே ஒரு பொய்யி. புருசனுக்காக ஒரு பொய் சொல்லக் கூடாதா? நான் அவகிட்டச் சொன்னதும் ஒண்ணுதான. அதுக்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணிக்கிட்டுப் போயி உக்காந்திருக்கறாளே, இவ சொல்லுவாளான்னு எனக்கும் ரோசனை இருக்குது. இருந்தாலும் கேட்டுப் பாக்கணுமில்ல.

பாத்து வளைக்கச் சொல்லுங்க டிரைவர. அம்மா. ஒண்ணுமில்ல, கம்பியில இடிச்சுக்கிச்சு.

சரி, ஒங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன. வழியில பாத்த ஆளு நீங்க. அன்னைக்குத் தொரத்திட்டுப் போனேன்ல, உச்சி மேட்டுல எல்லாரும் திரும்பிட்டாங்க. நான் மட்டும் கடைசியா எறங்குனேன். சறுக்குப் பாறையில கால் மடிஞ்சு விழுந்துட்டேன். இதே முட்டிதான். அப்பத் தெரியல, வெறி. அவ பையத் தூக்கிக்கிட்டுப் போனப்பறம்தான் வீங்க ஆரம்பிச்சுது. இந்தா பாருங்க, வேட்டியத் தூக்கறேன். எப்பிடி இருக்குது? யாருகிட்டச் சொல்ல முடியும்? ஊருக்குள்ள முட்டி வலின்னு சொன்னா எவனாவது நம்புவானா? குள்ளையன் பொண்டாட்டியே, "என்ன மச்சான், அடுத்த நோம்புக்குக் கொழுப்பு வேணுமா"ன்னு கேக்கறா.

அதனால அந்தக் கொழுப்பத்தான் தேய்ச்சுக்கறேன். நல்லாக் கேக்குது, அதச் சொல்லாம இருக்கப்படாது. சூடம் போட்டது குளுகுளுன்னு உள்ள எறங்குது. ஆனா நானே தேய்ச்சா அந்தச் சூடு வர மாட்டேங்குது சார். கையி முட்டிக்குப் பின்னால வளைய மாட்டேங்குது. அவ எங்கயோ ஒரு எடத்துல கட்ட வெரல வச்சு அழுத்துவா, அந்த எடம் எதுன்னே தெரியல. தேடித் தேடிப் பாக்கறேன். அன்னைக்கெல்லாம் கொழுப்பு தீந்துருமேன்னு கொழுப்பையேதான் பாத்துக்கிட்டிருந்தேன், அவ எங்க அழுத்துனான்னு பாக்கல.

இந்த டப்பாவ எதுக்கு எடுத்தாந்தேன்னா, அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி, எவடி உன்ன உப்புப் போடச் சொன்னான்னு நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கறதுக்குத்தான். தொறந்து காட்டறேன் பாருங்க. இவ்வளவுதான் மிச்சம். அடியில ஒட்டிக்கிட்டிருக்கறது. காலையில பஸ்சுக்கு எறங்கி வர்றதுக்கே வழிச்சுப் பூசிட்டேன். காலி டப்பாவ நீட்டி என்னத்தக் கேக்கறது. இன்னொரு தடவ காய்ச்சிக் குடுன்னு கேட்டாக் குடுப்பாளா? அதுக்கும் நெசமாவே முட்டி வலின்னு சொல்லணும். எந்த மூஞ்சியோட சொல்றது? மொதல்ல சத்தியத்துக்குத்தான் கேக்கணும், அதான் முக்கியம். கெளம்பறப்ப அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன்.

மூணுரோடு வந்துருச்சு. அந்தாருங்க, பஞ்சர் கடை, அது அவ அண்ணனுது. பக்கத்துல கொழாயடி. பச்சச் சீலை கட்டிக்கிட்டுக் கொடத்த வச்சு நிக்கறா பாருங்க, அவதான். இங்கயும் வந்து தண்ணிதான் தூக்கறா. அண்ணங்காரன் ஒக்காந்து டியூப்ப ஒரசிக்கிட்டிருக்கறான் பாருங்க, ஒரு கொடம் தூக்கிக் குடுத்தா என்ன, கை அழுகிரும் அவனுக்கு. இடுப்பு வலிக்காரி சார் அவ.

கொஞ்சம் கை குடுங்க, எந்திரிச்சுக்கறேன். மெதுவா, மெதுவா. படியில காலூனவே முடியல. பஸ்சு நின்னதப் பாத்துட்டா. இந்தப் பக்கந்தான் பாக்கறா. என்னப் பாத்துட்டா சார்.

நொண்டிக்கிட்டுப் போனேன்னா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு கொடத்தத் தூக்கிக்கிட்டு உள்ள போயிருவா. பல்லக் கடிச்சுக்கிட்டு நேரா நடந்து போனேன்னா, பாத்தியா நல்லாத்தான் இருக்குதும்பா. விசிலு அடிச்சுராதப்பா கண்டக்டரு, எறங்கிக்கிட்டுத்தான் இருக்கறேன். சார், நீங்க படிச்சவராட்டம் இருக்கறீங்க. எப்பிடி நடந்து போகட்டும்னு சொல்லுங்க.